மட்கார்டில் மடித்த சாக்கு

பந்தலூர்
19.8.2024

அன்புத் தங்கை சசிரேகாவுக்கு,

அக்கா பாலாமணி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் மஞ்சூர்க் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

மாமா ஓட்டுகிற எஸ்டேட் டிராக்டர் மேட்டில் மோதி அவருக்கு அடிபட்டதை மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன். இப்போது இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாளாகப் படுத்திருக்கிறார். நான் துணி எடுக்க இரண்டு நாள் ஊருக்கு வந்திருக்கிறேன்.

எதற்கு இந்தக் காலத்தில் கடிதம் என்று நினைப்பாய். ஃபேக்டரியில் ரோலர் மெஷின் பக்கத்தில் பதினெட்டு வருஷம் நின்று என் காது மந்தமாகிவிட்டது உனக்குத் தெரியும். போனில் பேசினால் கத்துவேன். எஸ்டேட் லைன் வீடுகளில் பத்து வீட்டுக்கும் கேட்கும். இது பத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாத விஷயம்.

காலி டிரெய்லரோடு தனியாகப் போனாராம். இறக்கத்தில் பிரேக் நிற்கவில்லையாம். பள்ளத்தில் விழாமல் இருக்க மேட்டுப் பக்கம் திருப்பினாராம். இப்படித்தான் ஆபீசில் எழுதிக்கொடுத்திருக்கிறார். முதலில் ஓடிப்போனவள் கருப்பம்மா. எடைக் கொட்டகையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேனே, இரண்டு பிள்ளைகளோடு, அந்த உயரமான கைம்பெண். அவர் தலையை மடியில் வைத்து, முந்தானையைக் கிழித்துக் காலைக் கட்டியிருக்கிறாள். அந்தக் கட்டு இல்லாவிட்டால் உயிரே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

எல்லோரும் அவளைப் புகழ்கிறார்கள். நானும் புகழ்ந்திருப்பேன். நேற்று அவருடைய சோற்றுத் தூக்குப்போசியை எடுக்க ஷெட்டுக்குப் போனேன். டிராக்டரின் இடது சக்கரத்துக்கு மேலே, மட்கார்டில் ஒரு சாக்கு. நாலாக மடித்து, நழுவாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. மட்கார்டில் ஆள் ஏற்றினால் வேலை போய்விடும் என்பது அவருக்குத் தெரியாதா? இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நானே மூன்று முறைதான் அந்தத் தகரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று முறையும் இடுப்பு விட்டுப்போய் இறங்கினேன். எனக்கு ஒரு கிழிசல் துணிகூட அவர் போட்டதில்லை.

யாருக்குப் போட்ட சாக்கு அது? வயிறு எரிகிறது சசி. காலைப் பறிகொடுத்த புருஷனிடம் இதைக் கேட்கவும் முடியவில்லை.

நீ ஏன் இன்னும் பார்க்க வரவில்லை? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
பாலாமணி


மஞ்சூர்
2.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சசிரேகாவின் வணக்கம். நாங்கள் இருவரும் நலம். மாமாவின் உடம்பு எப்படி இருக்கிறது? புண் ஆறுகிறதா? வலி இருக்கிறதா? தூங்குகிறாரா? எதையும் விடாமல் எழுது.

பார்க்க வராதது தப்புதான். மகளிர் குழுவில் வேலை அதிகம். அவருக்கும் லீவு கிடைக்கவில்லை. இரண்டு முறை பஸ் ஏறக் கிளம்பி, பாதி வழியில் திரும்பினேன். ஏன் என்று கேட்காதே. எனக்கு ஆஸ்பத்திரி ஆகாது என்று வைத்துக்கொள்.

அந்தச் சாக்கைப் போட்டு மனசை உழப்பிக்கொள்ளாதே அக்கா. எடைக் கொட்டகை தாண்டி அந்த ஒற்றை வளைவில் எப்போதும் பாசி பிடித்து வழுக்கும். டிராக்டர் ஏதாவது ஒரு நாள் சறுக்கத்தான் செய்யும். சாக்கு சாமான் வைக்கப் போட்டதாக இருக்கும். மாமா உன்னைத் தவிர யாரையும் ஏறிட்டுப் பார்க்கிற ஆள் இல்லை. கருப்பம்மாவும் நல்ல மனுஷி. உயிரைக் காப்பாற்றியவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசிவிடாதே, உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. ஸ்வெட்டர் போடாமல் ஆஸ்பத்திரிக்கும் ஊருக்கும் அலையாதே.

உன் தங்கை
சசிரேகா


பந்தலூர்
16.9.2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. என் காதைத் தவிர மற்ற உறுப்பெல்லாம் நன்றாக இருக்கிறது. மாமாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கட்டை வைத்து வாசல்வரை நடக்கிறார். இல்லாத காலில் அரிக்கிறது என்கிறார். சொறியக் கையைக் கொண்டுபோய் வெறும் போர்வையைப் பிடிக்கிறபோது எனக்கு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளத் தோன்றுகிறது.

அதற்குள் அந்தக் கருப்பம்மா வந்துவிட்டாள். கையில் நேந்திரம் பழச்சீப்பு. வாசலிலேயே நின்று, "ஏனுங்கண்ணா, வலி கொறஞ்சுதுங்களா?" என்கிறாள். அண்ணனாம். இவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, "உள்ள வாங்க, டீ குடிச்சுட்டுப் போங்க" என்கிறார். எனக்கு அவர் டீ சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? அவள் போனபின், "பாவம் அந்தம்மா, என்னால அதுக்குத்தான் கெட்ட பேரு" என்றார். ஏன் கெட்ட பேர் வரவேண்டும், நான்தான் இன்னும் வாயே திறக்கவில்லையே என்று கேட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் ஆயுத பூஜைக்கு, டிராக்டருக்குப் பொட்டு வைத்து மாலை போட்டபின், மைதானத்தில் ஒரு சுற்று நான் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஆசையாகத்தான் கேட்டேன். அத்தனை பேருக்கு நடுவில் அவர் சிரித்தார். "இதென்ன ஒலை வெச்சுச் சோறாக்குற வேலையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு அந்த டிராக்டரோடு நான் பேச்சை விட்டவள். என்னைச் சிரித்துத் தள்ளிய வண்டியில் இன்னொருத்தி மெத்தை போட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

நீ அவளுக்கு வக்காலத்து வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. நீ என் தங்கையா, அவள் தங்கையா?

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

பாலாமணி


மஞ்சூர்
6.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். இங்கே குந்தா பக்கமெல்லாம் ஓயாத மழை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மாமா கட்டை இல்லாமல் நிற்கிறாரா?

ஒரு செய்தி. எங்கள் குழுவுக்குக் கொழுந்து ஏற்ற ஒரு சின்ன டிராக்டர் வந்திருக்கிறது. சிவப்பு நிறம். ஓட்டுவதற்கு என் பெயரைத்தான் முதலிலேயே எழுதியிருந்தார்கள். உன்னிடம் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இப்போது என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். சாவியைக் கையில் வாங்கினாலே விரல் நடுங்குகிறது. ராஜப்ரியா என்கிற பெண் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதுவரை வண்டி கொட்டகையில் நிற்கிறது.

ஆயுத பூஜைக்கு மாமாவை மைதானத்துக்குக் கூட்டிப்போகாதே. வண்டியைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும்.

உன் சசி


பந்தலூர்
14.10.2024

சசிரேகாவுக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள்.

உன் கடிதத்தைப் படித்து எனக்குத் தலை சூடாகிவிட்டது. டிராக்டர் வருகிறது, டிரைவர் நீ என்று இத்தனை நாள் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தாய். சரி, சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயந்திருப்பாய். பட்டிருக்கும்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் கைக்கு வந்த ஸ்டீயரிங்கை வேண்டாம் என்கிறாயே, உனக்கென்ன பைத்தியமா? விரல் நடுங்குகிறதாம். அடிபட்டது உனக்கா? எனக்கு அந்தச் சாவியை யாராவது கொடுத்திருந்தால், நடுங்குகிற விரலோடேயே ஊட்டிவரை போயிருப்பேன்.

ஆயுத பூஜைக்கு அவர் பிடிவாதமாக வந்தார். டிராக்டரைப் பழுது பார்த்துக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். புது டிரைவர் செல்லக்கண்ணு. எலுமிச்சம்பழத்தின் மேல் அவன் வண்டியை ஏற்றியபோது இவர் கட்டையைப் பிடித்த கை வெளுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து கருப்பம்மா வந்து இவர் நெற்றியில் திருநீறு பூசினாள். என் கண் முன்னால். நான் அவள் கையிலிருந்த பூஜைத் தட்டைத் தட்டிவிட்டேன். பொரியும் கடலையும் மைதானமெல்லாம் சிதறியது. என்ன சொன்னேன் என்று எழுதினால் நீயே என்னைத் திட்டுவாய். அவள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. குற்றம் இருந்தால்தானே வாய் அடைக்கும்?

நவம்பர் இருபதாம் தேதி ஆபீசில் என்கொயரி. இவர் மேல் தப்பு என்று முடிவானால் வேலையோடு லைன் வீடும் போகும். நான் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். இவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கருப்பம்மாதான் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள், அவளால்தான் இவர் கவனம் சிதறியது என்று சொல்லப்போகிறேன். சாக்குதான் சாட்சி. நம் வீடு நிற்கும். அவள் எஸ்டேட்டை விட்டுப் போவாள். பார்க்கிறேன், அப்புறம் யாருக்கு டீ சொல்கிறார் என்று.

பாலாமணி


மஞ்சூர்
24.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன்னையும் மாமாவையும் தவிர வேறு நினைப்பே இல்லை.

அந்தக் காரியத்தைச் செய்யாதே. கருப்பம்மா மட்கார்டில் உட்காரவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்காதே, தெரியும். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், போக்கிடம் இல்லை. தீபாவளிக்கு வந்து நேரில் பேசுகிறேன். நான் வரும்வரை யாரிடமும் ஒன்றும் சொல்லாதே.

 இதோடு நிறுத்துகிறேன்.

சசி


பந்தலூர்
7.11.2024

சசிரேகாவுக்கு,

சுகம் கேட்கிற நிலையில் நான் இல்லை.

தீபாவளிக்கு வருகிறேன் என்றாய். உனக்குப் பிடிக்கும் என்று வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு டப்பாவில் எடுத்து வைத்தேன். பூசணம் பூத்து நேற்று வெளியே கொட்டினேன்.

நேற்று ஃபேக்டரியில் ஃபிட்டர் மனுவேல் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லையாம். இன்னொன்றும் சொன்னார். வண்டியை இழுத்துவந்த அன்றைக்கு டிரைவர் சீட்டு கடைசிவரை முன்னால் தள்ளியிருந்ததாம். "உங்க ஊட்டுக்காரர் ஆறடி ஆளு, அந்த சீட்டுல உக்காந்தா முட்டி ஸ்டீயரிங்குல இடிக்குமுங்க. இதை என்கொயரியில கேப்பாங்க, நான் சொல்லாம இருக்க முடியாது" என்றார்.

ஷெட்டுக்குப் போய் அந்தச் சீட்டின் முன்னால் நின்றேன். ரோலர் மெஷின் பக்கத்தில் நிற்கிறேன் என்றால் எனக்கு மெஷின் தெரியாது என்று அர்த்தமில்லை. ஓட்டுகிற ஆளின் கால் டயருக்கும் மேட்டுக்கும் நடுவில் எப்படிச் சிக்கும்? இடது மட்கார்டில் இருந்தவர் கால்தான் சிக்கும். அந்தச் சாக்கை அவர் எந்தப் பெண்ணுக்கும் போடவில்லை. தனக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு நாளுக்கு இல்லை, பல நாள் உட்காரவேண்டும் என்று கயிறு கட்டிப் போட்டிருக்கிறார். சீட்டில் வேறு யாரோ இருந்திருக்கிறார்கள்.

கருப்பம்மா என்னைவிட ஒரு கை உயரம். சீட்டை அவ்வளவு முன்னால் தள்ளுகிற ஆள் குட்டையான ஆள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்தேன். எடைக் கொட்டகை தாண்டி ஒற்றை வளைவு, பாசி என்று செப்டம்பரில் எழுதியிருக்கிறாய். எந்த இடம் என்று நான் உனக்கு எழுதவே இல்லை, மாப்பிள்ளையிடம் போனிலும் சொல்லவில்லை. அந்த ரோட்டுக்கு நீ என்றைக்கும் வந்ததும் இல்லை.

அவளுக்குச் சாக்கு போட்டார் என்று நினைத்து எரிந்தது ஒன்றுமே இல்லை சசி. இப்போது எரிகிறதே, இதுதான் எரிச்சல். யார் ஓட்டியது? பதில் எழுது.

பாலாமணி


மஞ்சூர்
7.11.2024

என் அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் நீங்கள் நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் தினமும் மாரியம்மனிடம் கேட்கிறேன்.

டிராக்டரை நான்தான் ஓட்டினேன்.

ஆகஸ்டு மாதம் கூடலூரில் எங்கள் குழுவுக்கு நாலு நாள் பயிற்சி. வகுப்பில் உட்கார வைத்துப் படம் காட்டினார்கள். வண்டியைத் தொட விடவில்லை. ஊருக்குப் போனால் ஓட்டச் சொல்வார்களே என்று பயந்து மாமாவுக்குப் போன் செய்தேன். மத்தியானத்துக்கு மேல் பஸ் ஏறி வா, காலி வண்டியில் பழகு என்றார். மூன்று நாள் வந்தேன். வீட்டுக்கு வருகிறேன் என்றுதான் சொன்னேன். அவர்தான் தடுத்தார். "உங்கக்கா கேட்டப்ப நான் கெக்கெக்கேன்னு சிரிச்சுப்போட்டேன். இப்ப உனக்குச் சொல்லித் தர்றேன்னு தெரிஞ்சா என்ன மூஞ்சியில முழிப்பேன்? பழகிட்டு ஒரு நாள் நீயே ஓட்டிக் காட்டு, அப்ப சொல்லிக்கலாம்" என்றார். நானும் தலையாட்டினேன். உனக்குத் தெரியாமல் உன் ஊருக்கு வந்து போவதில், உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. சின்ன வயதிலிருந்து எல்லாம் உனக்குத்தான் முதலில் கிடைக்கும். இது ஒன்றாவது எனக்கு முதலில் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அந்த வளைவில் வண்டி சறுக்கியது. இறக்கத்தில் கிளட்சை மிதிக்கவே கூடாது, கியர்தான் வண்டியைப் பிடிக்கும் என்று மாமா நூறு முறை சொல்லியிருந்தார். பயத்தில் இரண்டு காலாலும் எல்லாவற்றையும் மிதித்தேன். வண்டி அவிழ்ந்துகொண்டு ஓடியது. என் பக்கம் பள்ளம். மாமா மட்கார்டிலிருந்து குனிந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். தன் பக்கம்தான் அக்கா. மேட்டில் மோதினால் தன் கால் போகும் என்று தெரிந்தே இழுத்தார்.

நான் இறங்கி அழுதுகொண்டு நின்றேன். "போயிரு அம்மிணி. லைசென்ஸ் இல்லாத ஆளை ஓட்ட விட்டேன்னு தெரிஞ்சா ஊடு போயிரும். நீ வரவே இல்லை" என்றார். நான் ஓடினேன். வழியில் கருப்பம்மா எதிரே வந்தாள். என்னைப் பார்த்தாள். அத்தனை பேச்சு கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை.

உன் முன்னால் வந்து நிற்கப் பயந்துதான் பாதி வழியில் திரும்பினேன், தீபாவளிக்கும் வரவில்லை. இப்போது அவளை வெளியே தள்ளப்போகிறாய் என்றதும் சாப்பாடு, தூக்கம் இரண்டும் போய்விட்டது. என்கொயரிக்கு நான் வருகிறேன். எல்லாவற்றையும் சொல்கிறேன். என்ன செய்தாலும் செய்யட்டும்.

சசிரேகா


பந்தலூர்
23.11.2024

சசிரேகாவுக்கு,

உயிரோடு இருக்கிறோம்.

உன் கடிதம் பதினோராம் தேதி வந்தது. உறையோடு சுக்கல் சுக்கலாகக் கிழிக்கத்தான் எடுத்தேன். முத்திரையில் மஞ்சூர், ஏழாம் தேதி என்று இருந்தது. நானும் ஏழாம் தேதிதான் பந்தலூரில் பெட்டியில் போட்டேன். இரண்டும் வழியில் எங்கோ ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்னாலேயே நீ எழுதிவிட்டாய். அந்த முத்திரை இல்லாவிட்டால் இன்றைக்கு உனக்கு அக்கா கிடையாது. என்கொயரிக்கு நீ வரவேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் போனில் சொன்னதும் அதனால்தான்.

கடிதத்தை அவர் மடியில் போட்டேன். படித்தார். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் நாலு நாள் அவரோடு பேச்சை விட்டேன்.

கருப்பம்மா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டேன். "குட்டையா ஒரு புள்ள ஓடுச்சுங்க. அப்படியே உங்க முகம். அண்ணனும் சொல்லாதீங்கன்னாரு. உங்க ஊட்டு விசயம், உங்களுக்கே தெரியறப்ப தெரியட்டும்னு விட்டுட்டனுங்க" என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். 

என்கொயரியில் நாலு பேர். ஃபீல்டு ஆபீசர் செல்லதுரை கேள்வி கேட்டார். சாக்கு எதற்கு என்றார், தூக்குப்போசி ஆடாமல் இருக்க என்று இவர் சொன்னார். கால் எப்படிச் சிக்கியது என்றார், குதிக்கப் பார்த்தேன் என்று சொன்னார். பிறகு மனுவேல் சீட்டைப் பற்றிச் சொன்னார். எல்லோரும் இவரைப் பார்த்தார்கள்.  நான் எழுந்தேன்.

"அது நானுங்க. வண்டிய ஷெட்டுக்கு இழுத்து வந்தப்ப ஆரும் பார்க்காம ஏறி உக்காந்தனுங்க. கால் எட்டலைன்னு சீட்டைத் தள்ளினனுங்க. எனக்கு ஓட்டணும்னு ரொம்ப வருசமா ஆசைங்க" என்றேன்.

அன்றைக்குப் புருஷன் ரத்தமாக ஆஸ்பத்திரியில் கிடந்தான், பெண்டாட்டி சீட்டில் ஏறி விளையாடினாளாம். நாலு பேரும் சிரித்தார்கள். செல்லதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்பது மனுவேலுக்குத் தெரியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். ஈர ரோட்டில் வழுக்கிய விபத்து என்று எழுதினார்கள். இவருக்கு இனி ஸ்டோரில் வேலை. வீடு நின்றது.

ஒன்பது வருஷத்துக்கு முன் சிரித்தது போலவே எல்லோரும் சிரித்தார்கள் சசி. இந்த முறை இவர் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பொய்தான் சொன்னேன். ஆசை என்று சொன்னது மட்டும் பொய் இல்லை.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அவர் கால் போனதற்கு இல்லை, அது பயத்தில் நடந்தது. எனக்கு இல்லை என்று சிரித்ததை மூன்று நாள் உனக்குக் கொடுத்தாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் சொல். நீ ஓட்டும்போது, நன்றாக ஓட்டுகிறாய் என்று அவர் எப்போதாவது சொன்னாரா?

பாலாமணி


மஞ்சூர்
3.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கால்களில் விழுந்து வணங்குகிறேன். மாமாவுக்கும் என் வணக்கம்.

இல்லை என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். எழுதிப் பார்த்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். உன்னிடம் இனி ஒரு பொய்யும் வேண்டாம்.

சொன்னார். இரண்டாம் நாள், கேட்டை உரசாமல் டிரெய்லரைப் பின்னால் எடுத்தபோது, "சபாஷ் அம்மிணி" என்றார். ஒரே ஒரு முறை.

தனக்கு ஓட்ட வரவில்லை என்று ராஜப்ரியா போய்விட்டாள். வண்டி கொட்டகையிலேயே நிற்கிறது.

சசி


பந்தலூர்
8.1.2025

சசிரேகாவுக்கு அக்கா பாலாமணி எழுதுவது.

இங்கே இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கிறீர்கள் என்று மாப்பிள்ளை போனில் சொன்னது பாதி காதில் விழுந்தது. மாமாவுக்குக் கட்டைக் கால் பொருத்திவிட்டார்கள். மேடு ஏறப் பழகுகிறார்.

சபாஷ் என்கிற சொல்லைப் படித்த அன்றைக்கு நான் சமைக்கவில்லை. எனக்கு அவர் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. என் குழம்புக்குச் சொன்னதில்லை, பதினெட்டு வருஷ வேலைக்குச் சொன்னதில்லை, என்கொயரியில் எழுந்து நின்றதற்கும் சொல்லவில்லை. ஒரு மாதம் அதையே மென்றுகொண்டிருந்தேன். இல்லை என்று நீ எழுதியிருந்தால் நம்பியிருக்கவும் மாட்டேன், நிம்மதியாக இருந்திருக்கவும் மாட்டேன். அதனால் உண்மையை எழுதியதற்காக உனக்கு ஒரு மதிப்பு வைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

பொங்கலுக்கு மறுநாள் முதல் பஸ்ஸில் புறப்பட்டு மஞ்சூருக்கு வருகிறோம். அந்தச் சிவப்பு டிராக்டரைத் துடைத்து, டீசல் ஊற்றி வை. உன் விரல் நடுங்கினால் நடுங்கட்டும், நீ எனக்குச் சொல்லித்தர வேண்டும். இறக்கம் எதுவும் வேண்டாம். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம் போதும். மட்கார்டில் யாரும் உட்காரக்கூடாது, நீயும்கூட. கீழே நின்று சொல்லு. எனக்குக் காது கேட்காது, கத்திச் சொல்லு. ஊரே கேட்கட்டும்.

சாக்கைக் கயிற்றோடு அவிழ்த்துக் கொண்டுவருகிறேன். அது இந்த முறை சீட்டில், எனக்கு.

மாமாவும் மைதானத்தில் நிற்பார். வரமாட்டேன் என்றுதான் சொன்னார், விடவில்லை. நான் டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்வரை நின்று பார்க்கட்டும். பார்த்துவிட்டு அந்த வார்த்தையை என்னைப் பார்த்து, எனக்குக் கேட்கிற மாதிரி, உரக்கச் சொல்லட்டும். அதற்கு அப்புறம் உன்னை மன்னிப்பதைப் பற்றி யோசிக்கிறேன்.

கச்சாயம் சுட்டுக் கொண்டுவருகிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா
பாலாமணி